ஒரு முழ டியூப்பில் உயிர்

கடையநல்லூர் வழியே ஓடும் தென்காசி–மதுரை சாலையில் எந்த பங்கில் வண்டியை நிறுத்தினாலும் இன்று கிடைப்பது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். 2014இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் ஒன்றரை சதவீதம்தான் இருந்தது. 2022 ஜூனில் பத்து ஆனது, 2025இல் இருபது. 2030க்குள் எட்டுவோம் என்று வைத்த இலக்கை ஐந்தாண்டு முன்னதாகவே எட்டிவிட்டோம் என்று மத்திய அரசு பெருமைப்படுகிறது. மைலேஜ் குறைகிறது, பழைய வண்டி திக்குகிறது என்று டீக்கடையில் தொடங்கிய பேச்சு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 செப்டம்பரில் வழக்குத் தள்ளுபடியாகி, மறுபடி டீக்கடைக்கே திரும்பிவிட்டது. அதே பெட்ரோலை டேங்கில் ஊற்றிக்கொண்டு தரையை விட்டு மேலே போகிறவர்களைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

யார் அவர்கள்? சொந்தக் கையால், சொந்தக் காசில், வீட்டுக் கொட்டகையிலோ மொட்டைமாடியிலோ சிறு விமானம் கட்டுகிறவர்கள். பாராசூட்டோடு முதுகில் இன்ஜினைக் கட்டிப் பறக்கிறவர்கள். என்.சி.சி. மாணவர்களை ஏற்றிச் செல்லும் மைக்ரோலைட் போன்ற இலகு விமானங்களை இயக்குகிறவர்கள். பெரிய விமானத்துக்கு விமான நிலையத்தில் தனி எரிபொருள் உண்டு. இந்தச் சின்னஞ்சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு, ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவன இன்ஜின்கள் உட்பட, சாலையில் ஓடும் பெட்ரோலே உணவு. கேனை எடுத்துக்கொண்டு பங்குக்குப் போய் வாங்கி வருவதுதான் வழக்கம்.

இது எங்கோ நடக்கும் சங்கதி, நமக்கென்ன என்று கடையநல்லூர்க்காரர் நினைக்க வேண்டாம். தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம் வழியே போனால் மணிமுத்தாறு. இடுக்கி மாவட்டம் தொடுபுழா பக்கத்துத் தட்டக்குழாவைச் சேர்ந்த சஜி தாமஸ் கட்டிய விமானம் வானேறியது அங்கேதான். காது கேளாத, வாய் பேசாத, ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட மனிதர். எலக்ட்ரிக் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், பழைய பாகங்களைத் தேடித் தேடிப் பொருத்திக் கட்டினார். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் அதை ஓட்டிக் காட்டினார். மலையாளத்தில் 2017இல் வந்த ‘விமானம்’ படத்துக்கு அவர் வாழ்க்கைதான் தூண்டுகோல். மும்பையில் அமோல் யாதவ் காந்திவலி வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2017இல் பதிவு, 2019இல் பறக்க அனுமதி. ஆலப்புழையிலிருந்து இங்கிலாந்து போன அசோக் தாமராக்ஷன், ஊரடங்குக் காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பாகங்களை வரவழைத்து நாலு இருக்கை விமானம் கட்டி, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றி வந்தார்.

இவர்களை நாம் மெச்சுகிறோம், மெச்சத்தான் வேண்டும். ஆனால் மெச்சுகிற செய்திகளில் ஒன்றில்கூட, பெட்ரோல் டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகிற டியூப் எந்த ரகம், அதை எந்த வருடம் மாட்டினார்கள் என்ற கேள்வி இல்லை. இறக்கை எத்தனை அடி, செலவு எத்தனை லட்சம், எத்தனை வேகம், வீட்டுக்காரம்மா என்ன சொன்னார் என்பதெல்லாம் இருக்கிறது. கட்டுகிறவரின் கவனமும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் ஓடுகிறது. இறக்கைக்கு ஒரு வருடம், இன்ஜினுக்கு ஆயுள் சேமிப்பு. கடைசியில் ஒரு சாயங்காலம் பைக் ஸ்பேர்ஸ் கடையில் முழம் கணக்கில் வெட்டி வாங்கிய டியூப், இரண்டு ஸ்க்ரூ கிளாம்ப். உயிர் அந்தக் கடைசி வேலையில் இருக்கிறது.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. 2011இல் அந்த நாட்டில் வீட்டில் கட்டிய விமானங்களுக்கு நேர்ந்த 224 விபத்துகளைப் பிரித்துப் பார்த்தார்கள். விமானி கட்டுப்பாட்டை இழப்பதும், இன்ஜினும் அதைச் சார்ந்த அமைப்புகளும் கைவிடுவதும்தான் முன்னணிக் காரணங்கள். முதல் பறப்பிலேயே, அல்லது அடுத்தவரிடம் வாங்கிய விமானத்தைப் புது உரிமையாளர் எடுக்கும் முதல் பறப்பிலேயே நடந்தவை கணிசம். வாரியம் பரிந்துரைத்தவற்றுள் முக்கியமானது, பறப்பதற்கு முன் எரிபொருள் அமைப்பைத் தரையிலேயே சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது. பல்லாயிரம் சொந்தக்கட்டு விமானங்கள் பறக்கும் நாட்டுக்கே அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது.

பாடகர் ஜான் டென்வர் இறந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியா, மான்டரே விரிகுடா. அவர் புதிதாக வாங்கிய லாங் ஈஸி விமானம் வேறொருவர் வீட்டில் கட்டியது. அதை வடிவமைத்த பர்ட் ருட்டனின் மூல வரைபடத்தில் எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று திருப்பும் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கும். கட்டியவர் நல்லெண்ணத்தில்தான் மாற்றினார்: உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் பைப் வரக் கூடாது என்று வால்வை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அதைத் திருப்ப உடம்பையே முறுக்கிக் கை நீட்ட வேண்டும். எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியும் இல்லை. டேங்கின் அளவுகோல் பின்சீட்டில் இருப்பவர் கண்ணுக்குத்தான் படும். ஒரு டேங்க் வற்றியபோது டென்வர் திரும்பி வால்வைத் தேடியிருக்கிறார். முறுக்கிய உடம்போடு கால் பெடலை மிதித்துவிட்டது. விமானம் கடலில் தலைகுப்புற விழுந்தது. விசாரணை கண்டது இவ்வளவுதான். பைப் வெடிக்கவில்லை, கசியவில்லை. பைப்பின் பாதையைத் தள்ளி வைத்ததே போதுமானதாக இருந்தது.

சரி, அது வீட்டில் கட்டியது, பெரிய கம்பெனி விமானத்தில் இப்படியெல்லாம் நடக்காது என்கிறவருக்கு நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான வானத்திலிருந்தே பதில் உண்டு. 1941இலேயே சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்த ஊர் இது. சாங்கி விமான நிலையம் இங்கே பல குடும்பங்களுக்குத் தென்காசி ரயில் நிலையம் அளவுக்குப் பழக்கம். 2010 நவம்பர் 4 அன்று அந்தச் சாங்கியிலிருந்து 469 பேரோடு கிளம்பிய குவான்டாஸ் ஏ380 விமானத்தின் ஓர் இன்ஜின், நாலே நிமிடத்தில் பாத்தாம் (Batam) தீவு மேலே வெடித்தது. துண்டுகள் தீவில் வீடுகள் மேல் விழுந்தன. காரணம் என்ன? இன்ஜினுக்குள் எண்ணெய் கொண்டுபோகும் ஒரு குட்டைக் குழாய். அதன் உட்புறத்தைக் கடைந்தபோது மையம் சற்றே விலகி, ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிட்டது. மெலிந்த இடம் நாளடைவில் விரிசல் விட்டது, எண்ணெய் கசிந்தது, தீப்பிடித்தது, சுழலும் பெரிய தட்டு உடைந்து இறக்கையைக் கிழித்தது. ஐந்து விமானிகள் சேர்ந்து போராடி, எரிபொருள் ஒழுகும் விமானத்தைச் சாங்கியிலேயே இறக்கினார்கள், ஒருவருக்கும் காயமில்லை. உலகத்தின் தலைசிறந்த இன்ஜின் கம்பெனிகளில் ஒன்று, நுண்ணளவில் பிசகியதன் விலை அது. பைக் ஸ்பேர்ஸ் கடை டியூப்பை என்னவென்று சொல்வது?

இனி டியூப்புக்குள் போவோம். இதில் விரிவாகப் பேசுவதற்குக் காரணம், கட்டுகிறவர்களில் பலர் நல்ல மெக்கானிக்குகள். தரையில் சரியாக இருக்கும் பழக்கம்தான் அவர்களை மேலே கைவிடுகிறது.

எத்தனாலில் இருந்து தொடங்கலாம். பழைய ரக ரப்பரை எத்தனால் ஊற வைக்கிறது, மிருதுத்தன்மை தரும் சேர்மத்தை உறிஞ்சி எடுக்கிறது. ஊறிய டியூப் முதலில் பருத்து, காய்ந்தபின் விறைத்து வெடிக்கிறது. உட்சுவர் உரிந்து கருப்புத் துகளாக வடிகட்டியில் சேர்கிறது. ஃபைபர்கிளாஸ் டேங்க் என்றால் சில ரகப் பிசினையே இளக்கிவிடும். கொழகொழவென்று கார்புரேட்டரில் போய் உட்காரும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் மிஞ்சினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும். இன்ஜினுக்குப் போகும் பைப் தொடங்குவதோ அதே அடியில். ரோட்டாக்ஸ் தன் 912 வகை இன்ஜின்களுக்கு எத்தனால் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. விமான இன்ஜின் செய்யும் லைக்கமிங் கம்பெனி எத்தனால் கலந்த எரிபொருளே வேண்டாம் என்கிறது. நம் பங்கில் இருப்பதோ இருபது.

2025 ஆகஸ்டில் பெட்ரோலியத் துறை கொடுத்த விளக்கத்திலேயே, சில பழைய வண்டிகளில் இருபது முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். செலவு குறைவு, வழக்கமான சர்வீஸில் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். சாலையில் ஓடும் வண்டிக்கு அந்த வாதம் ஒருவாறு செல்லும். டியூப் வெடித்தால் இடைகால் விலக்கில் ஓரங்கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். ஐந்நூறு அடி உயரத்தில் ஓரம் எங்கே?

அடுத்தது வெயில். மூடிய இன்ஜின் கூண்டுக்குள், பறந்து இறங்கி அணைத்தபின்தான் தெற்குச் சீமையின் மே மாதத்துத் தார்ச்சாலை போலச் சூடு ஏறுகிறது, காற்றோட்டம் நின்றுவிடுகிறதல்லவா? சைலன்சருக்குப் பக்கத்தில் போகும் பெட்ரோல் பைப்பில் இருப்பது கொதித்து ஆவியாகிறது. எத்தனால் கலந்தது இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி கிளப்பினால், கிளம்பும். கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடும். ஓடுபாதை முடிந்து மரங்களைத் தாண்டும் நேரத்தில் பம்ப் ஆவியை இழுத்துக்கொண்டு நிற்கும். இதற்கு மருந்து தெரிந்ததுதான்: பைப்பைச் சூட்டிலிருந்து விலக்கு, கண்ணாடியிழை உறை போடு, மிச்ச பெட்ரோல் டேங்குக்கே திரும்பிப் போக ஒரு வழி வை. இந்தத் திரும்பு வழியை வெட்டிச் செலவு என்று விட்டுவிடுகிறார்கள்.

இணைப்புகளில் நடக்கும் பிசகு இன்னும் சாதாரணமானது. விமானத்துக்கான உலோகக் குழாயின் வாயை 37 டிகிரிக்கு விரிப்பார்கள். கார் பிரேக் பைப் வேலைக்கு 45. ஊரில் கிடைக்கும் கருவி 45 தான். அதை வைத்து விரித்து 37க்கான நட்டில் முடுக்கினால், முதல் நாள் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். அதிர்வு ஏற ஏற வாயைச் சுற்றி மயிரிழை விரிசல். செம்புக் குழாய் வளைக்க எளிது என்று போடுகிறார்கள். அதிர்வில் செம்பு இறுகி முறியும். ஸ்க்ரூ கிளாம்பின் பட்டையில் இருக்கும் பள்ளங்களுக்குள் மெல்லிய ரப்பர் பிதுங்கி அறுபடும். கூர்மையான நிப்பிள் மேல் டியூப்பை அழுத்தித் திணிக்கும்போது உள்ளே ஒரு நாக்கு அளவு ரப்பர் சீவப்பட்டுத் தொங்கும். பெட்ரோல் வேகமாக ஓடினால் அந்த நாக்கே வழியை மூடும், நின்றால் திறக்கும். தரையில் கழற்றிப் பார்த்தால் அடைப்பே தெரியாது. கசிவை நிறுத்த என்று சிலிக்கான் பசை தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோலில் அது இளகிப் பிசிறு பிசிறாகப் போய் ஜெட்டில் உட்காரும். டெஃப்லான் டேப்பின் நுனியும் அப்படித்தான்.

உரசல் தனிக் கதை. டொரான்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட் ஏ330 விமானம், 2001 ஆகஸ்ட் 24 அன்று அட்லாண்டிக் நடுவில் இரண்டு இன்ஜினும் நின்று, 306 பேரோடு மிதந்து வந்து அசோரஸ் தீவில் இறங்கியது. இன்ஜின் மாற்றியபோது பொருந்தாத பாகம் ஒன்றைப் போட்டதில் எரிபொருள் குழாயும் ஹைட்ராலிக் குழாயும் ஒட்டி உரசின. சில நாளில் எரிபொருள் குழாய் விரிசல் விட்டது. இரண்டு குழாய்க்கும் நடுவே ஒரு ரப்பர் பூசிய கிளாம்ப் போடும் இடைவெளி இருந்திருந்தால் அந்தப் பயணிகள் லிஸ்பனில் காலைக் காபி குடித்திருப்பார்கள்.

எண்ணெய்க் குழாய் வேறு ஜாதி. பெட்ரோல் நின்றால் இன்ஜின் நிற்கும். டேங்க் மாற்றி, துணை பம்ப் போட்டு மீட்க ஒரு வாய்ப்பாவது உண்டு. எண்ணெய் நின்றால் இன்ஜின் ஓடிக்கொண்டே தன்னைத் தானே தின்னும், பிறகு இறுகிப்போகும். குழாய் வெளியே வெடித்தால் சூடான சைலன்சர் மேல் தெறித்துப் புகையும் தீயும். இன்ஜின் முன்னால் இருக்கும் விமானத்தில் கண்ணாடி முழுக்க எண்ணெய் பூசிக்கொண்டு பார்வை போய்விடும். இதைவிட வஞ்சகமானது உறிஞ்சும் பக்கத்துக் கசிவு. ரோட்டாக்ஸ் 912 போன்றவற்றில் எண்ணெய் தனி டேங்கில் இருக்கிறது. பம்ப் அங்கிருந்து உறிஞ்சி இழுக்கிறது. அந்தக் குழாயின் கிளாம்ப் தளர்ந்தால் ஒரு சொட்டுகூட வெளியே விழாது. உள்ளே காற்றுதான் போகும். கீழே விரித்த அட்டை சுத்தமாக இருக்கிறது என்று விமானி நிம்மதியாகக் கிளம்புவார். மேலே எண்ணெய் அழுத்தமுள் ஆடத் தொடங்கும். எண்ணெய்க் குழாயை ஒருமுறை கழற்றி மாட்டினாலே உள்ளே போன காற்றை வெளியேற்றிய பிறகுதான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும் என்பது அந்த இன்ஜினின் அடிப்படை விதி. டிராக்டர் மெக்கானிக்குக்குக் காற்றெடுப்பது பழக்கம்தான், ஆனால் அது டீசல் லைனில். எண்ணெய் லைனிலும் அதே வேலை உண்டு என்று நினைவுக்கு வருவதில்லை.

பெட்ரோல் டேங்கின் காற்றுத் துளையை மறந்துவிடக் கூடாது. நம் பக்கத்தில் குளவி கூடு கட்டாத ஓட்டை ஏது? இரண்டு வாரம் கொட்டகையில் நின்ற விமானத்தின் காற்றுக் குழலில் மண்கூடு கட்டிவிட்டால், டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் இறங்காது. பல நாடுகளில் பறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் இது எழுதப்பட்டே இருக்கிறது.

இப்படி ஏதோ ஒன்றில் இன்ஜின் நின்றால், கடையநல்லூர் வட்டாரத்தில் கீழே என்ன இருக்கிறது? கருப்பாநதிப் பாசன வயல்களில் தண்ணீர் நிறைந்திருக்கும். தென்னந்தோப்பு, எலுமிச்சைத் தோட்டம், குளம். சுரண்டை, சங்கரன்கோவில் பக்கம் போனால் காற்றாலைகள், அவற்றை இணைக்கும் மின்கம்பிகள். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று, மலையடிவாரத்தில் விமானத்தை அமுக்கியும் தூக்கியும் விளையாடும். இலகு விமானம் ஐந்நூறு அடியிலிருந்து தரை தொட ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்துக்குள் இடம் தேர்ந்து, காற்றுப் பார்த்து, கம்பி தவிர்த்து இறக்க வேண்டும். வயலில் நாற்று நடுகிறவர்களுக்கு மேலே ஒரு இன்ஜின் நின்றுவிட்டது என்பதே தெரியாது. சத்தம் நின்றதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தால் உண்டு.

ஆகவே, பொழுதுபோக்குக்காரர் சிலரின் சொந்த விவகாரம் இது என்ற பேச்சை ஏற்க முடியாது. அதே மூச்சில், எல்லாவற்றையும் தடை செய் என்ற பேச்சையும் ஏற்க முடியாது. அமோல் யாதவ் போன்றவர் அனுமதிக்காக வருடக்கணக்கில் அலைந்ததை நாடே பார்த்தது. காகிதத்துக்காக இத்தனை அலையவிட்டால், அடுத்தவர் காகிதமே வேண்டாம் என்று அதிகாலையில் ஆளில்லாத கண்மாய்க் கரையில் கிளப்பிப் பார்ப்பார். 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய வாயுயான் சட்டப்படி அது குற்றம். குற்றம் என்பதாலேயே யாரையும் கூப்பிட்டுச் சோதிக்கவும் மாட்டார். ஒளித்துக் கட்டுகிற விமானத்தின் டியூப்பை இரண்டாவது ஜோடிக் கண் பார்ப்பதே இல்லை.

இங்கிலாந்தில் வீட்டில் கட்டுகிறவரைத் தேடி இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர் கட்டங்கட்டமாக வருகிறார். மூடுவதற்கு முன் உள்ளே பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அங்கே 2021 செப்டம்பரில் சாலைப் பெட்ரோல் பத்து சதவீத எத்தனாலுக்கு மாறியபோதே சிறு விமானக்காரர்களுக்கு எச்சரிக்கை போனது. பத்துக்கே அங்கே அத்தனை பதற்றம். இங்கே இருபதுக்கு மாறிய பிறகும், இலகு விமானம் வைத்திருக்கும் கடைசி ஆள் வரை போய்ச் சேரும் எளிய தமிழில் ஒரு தாள் இல்லை.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உடனே செய்ய வேண்டியது அந்தத் தாளை வெளியிடுவது. பங்குப் பெட்ரோலில் பறக்கும் ஒவ்வொரு இன்ஜினுக்கும் எத்தனை சதவீதம் வரை ஆகும், அதற்கு மேல் ஆகாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆகாதென்றால் மாற்று எங்கே கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டும். விமானப் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2022 முதல் குஜராத் ஆலையிலேயே தயாரிக்கிறது. ஆனால் தென்மாவட்டத்தில் ஒரு பீப்பாய் வாங்க ஒருவர் எங்கே போவார்? எத்தனால் இல்லாத எரிபொருளைப் பயிற்சி மையங்களும் என்.சி.சி. பிரிவுகளும் இருக்கும் ஊர்களிலாவது சிறு அளவில் விற்க ஏற்பாடு செய்யாமல், தடை மட்டும் போட்டால் கேன் மறுபடி பங்குக்குத்தான் போகும்.

முதல் பறப்புக்கு அனுமதி கொடுக்கும்முன், எரிபொருள் ஓட்டச் சோதனை சாட்சியோடு நடக்க வேண்டும். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. விமானத்தின் மூக்கை, ஏறும்போது இருக்கும் கோணத்துக்குத் தூக்கி முட்டுக் கொடுத்து, டேங்கில் அடிமட்ட அளவு பெட்ரோல் மட்டும் வைத்து, கார்புரேட்டர் வாயில் பைப்பைக் கழற்றி அளவு குடுவையில் பிடிக்க வேண்டும். பம்ப் வைத்த அமைப்பானால் இன்ஜின் முழு வேகத்தில் குடிப்பதில் 125 சதவீதம், தானாக இறங்கும் அமைப்பானால் 150 சதவீதம் வர வேண்டும் என்பது அமெரிக்க விதி. நூறு குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 27 லிட்டர் குடிக்கும். அப்படியானால் பம்ப் அமைப்பில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் குடுவையில் விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்றைக்குப் பறப்பு இல்லை. நாற்பது நிமிட வேலை.

டியூப்புகளுக்கு, மாட்டிய நாளைக் குறிக்கும் தேதிச் சீட்டு கட்டாயமாக வேண்டும். ரோட்டாக்ஸ் நிறுவனமே ரப்பர் பாகங்கள் அனைத்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது, எத்தனை மணி நேரம் பறந்தது என்பது கணக்கில்லை. பறக்காமல் நின்ற விமானத்தின் டியூப்தான் சீக்கிரம் கெடும். விற்கிறவர் “மொத்தமே முப்பது மணி நேரம்தான் ஓடியிருக்கு, புதுசு மாதிரி” என்று பழைய விமானத்தைக் காட்டும்போது வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்தச் சீட்டைத்தான். இணைப்பு நட்டுகளின் மேல் முடுக்கிய பிறகு குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டால், அது கழன்று திரும்பியிருந்தால் கோடு பிசகிக் காட்டிவிடும். செலவு ஒரு சிறு டப்பா பெயின்ட்.

பொறியியல் கல்லூரிகளுக்கும் இதில் வேலை உண்டு. தென்மாவட்டங்களில் விமானப் பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் பட்டறைகளும் உண்டு. 37 டிகிரி விரிப்புக் கருவி ஒன்று, அழுத்தச் சோதனைக் கருவி ஒன்று, கற்ற ஆசிரியர் ஒருவர் என்று வாரம் ஒரு நாள் கதவைத் திறந்துவைத்தால், ஐந்தாம் வகுப்புப் படித்தவரானாலும் தன் பைப்பைக் கொண்டுவந்து காட்டுவார். சஜி தாமஸ் போன்றவர்களுக்கு அறிவு குறைவில்லை, கருவிதான் கைக்கெட்டவில்லை.

பத்திரிகைகளும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். ‘பைக் இன்ஜினில் விமானம் செய்து அசத்திய வாலிபர்’ என்று படத்தோடு போடும்போது, சோதித்தவர் யார், அனுமதி உண்டா என்ற இரண்டு வரியைச் சேர்ப்பதில் இடம் ஒன்றும் குறைந்துவிடாது.

இயக்குநரகத்தின் தாள் வருவதற்குக் காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்துக்கொண்டு, மேலே பங்குப் பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி நிற்க வைக்க வேண்டும். எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்வதால் அடித்தண்ணீரின் மட்டம் குறியைத் தாண்டி ஏறியிருக்கும். எவ்வளவு ஏறியது, அது ஊற்றிய பெட்ரோலில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது உங்கள் இன்ஜின் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைத் தாண்டினால், டேங்கைக் காலி செய்து, டியூப்பை எல்லாம் கழற்றி, அடுத்த தேதிச் சீட்டு கட்டும்வரை விமானத்தைக் கொட்டகையிலேயே விடுங்கள்.